பீலிக்கு வந்த புத்திமதிகள்

"கலியாணம் செய்துபார், வீட்டைக் கட்டிப்பார்" என்று முன்னோர் இரண்டோடு நிறுத்திவிட்டார்கள். வீடு கட்டும்போது வருவோர் போவோர் சொல்லும் புத்திமதியைக் கேட்டுப்பார் என்று மூன்றாவதையும் சேர்த்திருக்கலாம். அத்திவாரம் வெட்டிய அன்றே அது தொடங்கிவிடும். சீமெந்துக்குத் தட்டுப்பாடு வருவதுண்டு, புத்திமதிக்கு வந்ததில்லை.

1990 ஒக்டோபரில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குழி மக்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். புத்தளம் பகுதியில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டுகள் கழிந்தன. 2009இல் போர் முடிந்த பின் திரும்பியவர்களை வரவேற்றது காடுதான். 2012 முதல் நடந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா, கட்டம் கட்டமாக, வீட்டுக்காரர் கைக்கே வந்தது. அதில் கட்டியவர்களும் உண்டு. விதைநெல்லுக்கு வைத்திருந்த காசைப் போட்டுக் கட்டியவர்களும் உண்டு. இன்னும் புத்தளத்தில் இருந்துகொண்டு, அடுத்த வருடமாவது கட்டவேண்டும் என்று எண்ணுகிறவர்களும் உண்டு. பிழைத்துப்போனால் இரண்டாம் முறை கட்ட இவர்களில் எவரிடமும் பணமில்லை. ஆகவே அந்த இலவசப் புத்திமதிகளைச் சற்று ஆராய்வோம்.

கடல் அருகில் இருக்க ஆற்று மணலுக்குக் காசு ஏன் என்பது முதலாவது. "உப்பிட்ட கருவாடு கெடுவதில்லை, உப்புப்பட்ட சுவர் மட்டும் கெடுமா?" என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள். கருவாட்டுக்குள் கம்பி இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். கழுவாத கடல் மணலில் உள்ள உப்பு ஈரத்தை இழுக்கும். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கொங்கிறீட்டைப் பிளக்கும். சில வருடங்களில் யன்னலுக்கு மேலே உள்ள பீமில் வெடிப்பு ஓடும்.

"கூரைத் தண்ணீர் சுவரைச் சுற்றி விழுந்தால்தான் அத்திவாரம் இறுகும், பீலி வேண்டாம்" என்பது இரண்டாவது. நமது மண் மணற்பாங்கானது. தாழ்வாரத் தண்ணீர் ஒரு மாரியிலேயே வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டிவிடும். தெறிக்கும் சேறு சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஏறும். தண்ணீர் அடியை அரித்தால் என்ன நடக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டியதில்லை. தேசாதிபதி நோர்த் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடலோர மேட்டில் கட்டிய மாளிகை, கரையைக் கடல் தின்னத் தின்ன இடிந்து கிடக்கிறது. அது நிற்கும் ஊரின் பெயரும் அரிப்பு!

சரித்திரம் தெரிந்த பெரியவர் ஒருவரும் வந்து சேர்வார். "முத்துக்குளிப்புக் காலத்தில் மறிச்சுக்கட்டியில் ஒரு பட்டணமே இருந்தது. எந்த வீட்டில் பீலி இருந்தது?" என்பார். உண்மைதான். 1905ஆம் ஆண்டுப் பெரிய முத்துக்குளிப்பின்போது இங்கே ஆயிரக்கணக்கானோர் கிடுகுக் குடில்களில் தங்கினார்கள். ஆனால் முத்துக்குளிப்பு மாசி, பங்குனிக் கடல் அமைதியில் நடப்பது. குளிப்பு முடிந்ததும் பாளயமும் கலைந்துவிடும். மாரியை அவர்கள் இங்கே காணவில்லை. நாம் காண்கிறோம்.

இனிப் பீலிக்கே வருவோம். "மட்டம் பார்த்து நேராக அடியுங்கள் தம்பி, சரிந்து நின்றால் வீட்டுக்கு அழகில்லை" என்பார் ஒரு மாமா. அப்படி அடித்த பீலியில் மழை விட்ட பின்னும் தண்ணீர் நிற்கும், இலை ஊறும், நுளம்பு குடும்பம் நடத்தும். மறுநாள் வரும் மச்சான் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "நல்லாச் சரிச்சு விடுங்கோ, தண்ணி பறக்கவேணும்" என்று ஒரு முனையை ஓர் அடி இறக்கச் சொல்வார். பறக்கத்தான் செய்யும். இறங்கிய முனையில் கூரைக்கும் பீலிக்கும் இடைவெளி அகன்றுவிடுவதால், பெருமழைத் தண்ணீர் பீலியைத் தாண்டி முற்றத்தில் குதிக்கும். மாமாவும் மச்சானும் பேசாமலிருந்த காலத்தில் பீலியில்லாமலே கிடைத்த பலன் அது.

பத்து அடிக்கு ஓர் அங்குலச் சரிவு போதும். 30 அடி நீள வீட்டுக்கு மூன்று அங்குலம். இரு முனையிலிருந்தும் நடுவை நோக்கிச் சரித்துக் குழாயை நடுவில் இறக்கினால் ஒன்றரை அங்குலத்தோடு முடிந்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்கும் தெரியாது, மாமாவுக்கும் மனக்குறை இராது. கண்ணால் மதிக்கவேண்டாம். மேசன்மார் மட்டம் பார்க்கும் தண்ணீர் ரியூப்பைப் பிடித்து, நூல் கட்டி அடியுங்கள். கூரை ஓரம் பீலியின் வாய்க்குள் இரண்டு விரல் அளவு நீண்டு நிற்கட்டும். தகரப் பீலிக்கு வசதியில்லாதவர்கள் நாலு அங்குலப் பி.வி.சி. குழாயை நீளவாக்கில் அரிந்து இரண்டு பீலியாக்கலாம். அரிந்த குழாய் வெயிலில் முறுக்கிக்கொள்ளும். ஆதலால் இரண்டு அடிக்கு ஓர் இரும்புப் பட்டி போட்டுக் கைமரத்தோடு பிடித்துவிடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு? கரையோரக் கிணறு பலவற்றில் தண்ணீர் உவர். கோடையில் பவுசர் வரும் வழியைப் பார்த்துக் குடங்களோடு நிற்பது உங்களுக்குத் தெரிந்ததே. 20 அடிக்கு 30 அடி வீட்டுக் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறக்குறைய 1,400 லீற்றர் விழுகிறது. சிந்தியதும் காய்ந்ததும் போக 1,100 லீற்றராவது தொட்டிக்கு வரும். 1990களின் நடுப்பகுதியில் பதுளை, மாத்தறை மாவட்டங்களில் கம்பி வலையில் சீமெந்து பூசிக் கட்டிய தொட்டிகள் 5,000 லீற்றர் கொள்பவை. அப்படியொன்று ஐந்து நல்ல மழையில் நிரம்பும். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நாளுக்கு 20 லீற்றர் எடுத்தால் 250 நாள். மார்கழிக் கடைசியில் நிரம்பிய தொட்டி ஆவணி வரை வரும்.

பீலி மட்டும் போதாது, தண்ணீர் போய்ச்சேர ஓர் இடமும் வேண்டும். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது, அதிகாரி கண்ணுக்குக் காட்டுவதற்காகக் குழாயை மட்டும் இறக்கி மண்ணில் சொருகியவர்களும் இருந்தார்கள்.

தொட்டிக்கும் புத்திமதி உண்டு. "முதல் மழைதான் சுத்தம், அதை விடாதீர்கள்" என்பார்கள். கோடை முழுதும் கூரையில் சேர்ந்த தூசியும் காக்கை எச்சமும் இறங்குவது அந்த மழையில்தான். அதைக் குழாயைத் திருப்பி வெளியே விடுங்கள். பின்பும் ஒவ்வொரு மழைக்கும் முதல் இரண்டு மூன்று வாளியை ஒதுக்குதல் நன்று. "தண்ணீருக்குக் காற்றுப் படவேணும், மூடவேண்டாம்" என்பதையும் கேட்கவேண்டாம். வெளிச்சம் பட்டால் பாசி வளரும், திறந்திருந்தால் நுளம்பு முட்டையிடும், டெங்கு வரும். இறுக்கமான மூடியும், குழாய் வாய்க்கு மெல்லிய வலையும் வேண்டும். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள்.

நிரம்பிய தொட்டி ஐந்து தொன் பாரம். அதை நேற்று நிரப்பிய மண்ணின்மேல் வைக்கவேண்டாம். மேலதிகத் தண்ணீர் வழியும் குழாயைச் சுவர்ப்பக்கம் விடாமல் தூர இழுத்துத் தென்னம்பிள்ளை அடியில் விட்டுவிடுங்கள்.