ஒரு நாள் ஓட்டமும் ஓர் ஆயுள் வாய்ப்பும்

அமெரிக்க நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கோடை விடுமுறை வந்ததும் பல்கலைக்கழகத் திடல்களில் முகாம்கள் தொடங்கும். பள்ளி மாணவர்கள் கட்டணம் செலுத்தி அங்கே திரள்வார்கள். அவர்கள் 'ஃபுட்பால்' என்று சொல்வது நம் கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். 40 கஜ ஓட்டம், உயரத் தாவல், பந்தெறிதல் என்று ஒவ்வொன்றையும் பயிற்றுநர்கள் அளந்து குறிப்பார்கள். அவர்கள் கண்ணில் பட்டவனுக்குக் கல்லூரிப் படிப்பு இலவசமாகவே கிடைக்கலாம்.

அது எங்கோ நடப்பது, நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். நம்மிடமும் அது 'விளையாட்டு ஒதுக்கீடு' என்ற பெயரில் உண்டு. கல்லூரிகளும் விளையாட்டு விடுதிகளும் ஆண்டுதோறும் தேர்வு நாள் அறிவிக்கின்றன. பையன் இரண்டு வகையில் தன் தகுதியைக் காட்ட வேண்டும். ஒன்று, பள்ளி, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ். மற்றொன்று, அன்றைய ஓட்டமும் ஆட்டமும்.

மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கால்பந்து எங்கள் உயிர்மூச்சு. தோட்ட அணிகள் மோதும் ஃபின்லே கேடயப் போட்டி 1940களிலிருந்து வரும் மரபு. அன்று லயங்களே வெறிச்சோடிவிடும். அந்தத் திடலில் என் சித்தப்பா மகன் அடித்த கோல்களை ஊரே சொல்லும். அவன் பிளஸ் டூ முடித்ததும் பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்லூரித் தேர்வுக்குச் சென்றான். மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று பேருந்து மாறி இறங்கி, பேருந்து நிலையத்திலேயே இரவைக் கழித்தான். மறுநாள் மே மாத வெயில். குளிர்மலையில் வளர்ந்த உடல் அது. 30 மீட்டர் ஓட்டத்தில் பத்தில் ஒரு விநாடி பிந்தினான். இருபது நிமிட ஆட்டத்தில் பந்து அவன் காலுக்கு மூன்றே முறை வந்தது. மாலையில் ஒட்டிய பட்டியலில் அவன் பெயர் இல்லை. இன்று அவன் கொழுந்து மூட்டை ஏற்றுகிறான்.

அவன் தகுதியற்றவனா? அறிவியல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலாவது, கடிகாரம். கையால் அழுத்தும் கடிகாரத்தில் பத்தில் ஒரு விநாடிப் பிழை எளிதில் நேரும். அந்தச் சிறு நேரத்தில் ஓடுகிறவன் முக்கால் மீட்டர் தூரம் கடந்துவிடுவான். ஆகவே, அவன் பிந்தியதாகக் குறித்த நேரம் அழுத்தியவரின் விரலில் நேர்ந்த தாமதமாகவும் இருக்கலாம்.

இரண்டாவது, ஒரே முறை அளப்பது. சோதனைச் சாலையில் எந்த அளவையும் நாங்கள் ஒரு முறை எடுத்து நம்புவதில்லை. நான்கு முறை அளந்து சராசரி கண்டால் தற்செயல் பிழை பாதியாகக் குறையும். ஒன்பது முறை அளந்தால் மூன்றில் ஒரு பங்காகும். ஒரு கம்பியின் நீளத்துக்கே இத்தனை கவனம் என்றால், ஒரு மனிதனின் எதிர்காலத்துக்கு எத்தனை வேண்டும்?

மூன்றாவது, பிறந்த மாதம். பெரும்பாலான போட்டிகளில் வயதுப் பிரிவு சனவரி முதல் நாளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. சனவரியில் பிறந்தவனும் திசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்பார்கள். ஆனால் வளரும் பருவத்தில் பதினொரு மாதம் பெரிய இடைவெளி. கனடாவின் பனி ஹாக்கி வீரர்களில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் மிகுந்திருப்பதை 1985-இல் ஆய்வாளர்கள் எடுத்துக் காட்டினர். மூத்தவன் அணியில் இடம் பெறுகிறான், பயிற்சி பெறுகிறான், சான்றிதழும் பெறுகிறான். பின்னால் பிறந்தவன் வெறுங்கையோடு கல்லூரி வாயிலில் நிற்கிறான். என் தம்பி நவம்பரில் பிறந்தவன்.

ஐ. எம். விஜயனை எண்ணிப் பாருங்கள். திருச்சூர்த் திடலில் சோடா விற்ற சிறுவன், 17 வயதில் கேரளக் காவல்துறை அணியில் இடம் பெற்றார். இந்திய அணியின் தலைவரானார். 2025-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார். அவர் திறமை பெரிது, ஐயமில்லை. அதோடு, திடலருகே வளர்ந்த அவரைப் பார்க்கப் பல நாட்கள் இருந்தன. மலைமேல் ஆடும் பையனைப் பார்க்கக் கிடைப்பதோ ஒரே நாள்!

செய்ய வேண்டியது அரிதன்று. தேர்வை இரண்டு மூன்று நாட்களாக நடத்தலாம். தொலைவிலிருந்து வருபவனுக்கு ஓர் இரவு தங்க இடம் தரலாம். தேர்வாளர் ஆண்டுக்கொரு முறை தோட்டத்துத் திடலுக்கே வரலாம். நம் மன்றத்து நண்பர்களும் தத்தம் ஊர்ப் பையன்களுக்குத் தேர்வு நாளை முன்கூட்டியே சொல்லி, விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்து, முந்தின இரவு தங்க வைக்கலாம்.

அவனை ஒரு முறை அளந்தார்கள். இன்னொரு முறை அளந்திருந்தால்?