கம்பி அறுந்தால் கணினியும் தூங்குமா?

குழாயில் தண்ணீர் நின்றுபோனால் என்ன செய்கிறோம்? கிள்ளான் வட்டாரத்தில் குடியிருப்போருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தொட்டியில் பிடித்து வைத்த நீரை மொண்டு சமையலை முடிக்கிறோம். அந்தத் தொட்டியின் மூடி, குழாயில் தண்ணீர் வரும்போது மட்டுமே திறக்கும் என்றிருந்தால்? சிரிப்பீர்கள். எங்கள் பள்ளியில் நடந்தது அதுதான்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்துப் பள்ளியில் நான் ஆசிரியர். பள்ளிகளுக்கு இணையம் தந்த ஒன்பெஸ்தாரிநெட் திட்டம் 2019இல் முடிவுக்கு வந்தது. இணையம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேசி, வீட்டுக்குப் பத்து வெள்ளி திரட்டி ஒரு சர்வர் வாங்கினோம். பாடங்களையும் பயிற்சிகளையும் தன்னிடமே வைத்துக்கொண்டு, வகுப்பிலுள்ள மற்றக் கணினிகள் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும் கணினிக்கு அப்படிப் பெயர். பணத்துக்குக் கையெழுத்திட்டவன் நான்.

2021 டிசம்பரில் கிள்ளானையும் ஷா ஆலமையும் மூழ்கடித்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது எங்கள் இணையக் கம்பி அறுந்து கிடந்தது. “பரவாயில்லை, இதற்காகத்தானே சர்வர்” என்று பெருமையோடு சொல்லி விசையைத் தட்டினேன். விளக்கு எரிந்தது, விசிறி சுற்றியது, பாடப் பக்கம் மட்டும் வரவேயில்லை. மறுநாளும் அதே கதை. பத்து வெள்ளி கொடுத்த ஒரு தாய், செம்பனைக் காய் பொறுக்கும் வேலையிலிருந்து வந்தவர், “சார், பெட்டி கெட்டுப்போச்சா?” என்று கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை.

சனிக்கிழமை பெட்டியைத் துணியில் சுற்றி, கொமுட்டர் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் போனேன். பழுது பார்க்கும் தம்பி செருகி ஓட்டினார். உடனே வந்தது! “சார், இது நல்லாத்தான் ஓடுது” என்றார். மகிழ்ச்சியோடு திரும்பினேன். திங்களன்று பள்ளியில் மறுபடியும் ஊமை.

அடுத்த சனிக்கிழமை தம்பி கொஞ்சம் யோசித்தார். பிறகு தம் கடையின் இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டு ஓட்டினார். அப்போதுதான் அங்கேயும் நின்றது. முதல் முறை அந்தக் கம்பி செருகியிருந்ததால் நோய் மறைந்துகொண்டது!

சர்வர் தான் செய்வதையெல்லாம் நேரத்தோடு எழுதி வைக்கும் ஒரு பதிவேடு உண்டு. அதன் கடைசி வரிகளைத்தான் முதலில் படிக்க வேண்டுமாம். அதில் தேதி 2015 ஜனவரி என்றிருந்தது. பெட்டிக்குள் காசு போன்ற ஒரு சிறு பேட்டரி, மின்சாரம் இல்லாதபோதும் கடிகாரத்தை ஓட வைக்கிறது. அது செத்துப்போயிருந்தது. இணையம் இருந்தவரை கணினி எழுந்தவுடன் வெளியே நேரம் கேட்டுத் திருத்திக்கொண்டது. இணையம் போனதும் பழைய தேதியிலேயே நின்றது. பயிற்சி மென்பொருளோ தன் உரிமச் சான்றிதழைப் பார்த்து, ‘இது இன்னும் தொடங்காத தேதி, செல்லாது’ என்று படுத்துக்கொண்டது. சான்றிதழில் குற்றமில்லை, கடிகாரத்தில்தான் குற்றம்.

பேட்டரியை மாற்றியும் முழுதாகச் சரியாகவில்லை. சர்வர் தன் சொந்தப் பெயருக்குரிய எண்ணைக்கூட வெளியூர்ப் பெயரேட்டில் தேடிக்கொண்டிருந்தது. தன் வீட்டுக் கதவு எண்ணைக் கோலாலம்பூருக்குத் தொலைபேசி செய்து கேட்பது போல! இந்தப் பெயரேட்டு முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வகுத்தார். அதற்கு முன் ஒவ்வொரு கணினியும் பெயர்களையும் எண்களையும் ஒரு கோப்பில் வைத்திருந்தது. அந்தக் கோப்பு இன்றும் கணினிகளில் உண்டு. தம்பி அதில் ஒரே ஒரு வரி எழுதினார். தொடக்கத்தில் இணைப்புக்காக இரண்டு நிமிடம் காத்திருக்கும் ஏற்பாட்டையும் நிறுத்தினார்.

நாம் சின்னப் பள்ளிக்காரர்கள் என்று வெட்கப்பட வேண்டாம். 2021 அக்டோபர் 4ஆம் நாள், இங்கே நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் ஆறு மணி நேரம் போல் நின்றுபோயின. வெளியுலகத் தொடர்பு அறுந்ததும் அந்நிறுவனத்தின் பெயரேட்டுக் கணினிகளும் எட்டாமல் போயின. பழுது பார்க்க வேண்டிய கருவிகளும் அதே பெயரேட்டை நம்பியிருந்தன!

கிவிக்ஸ் போன்ற மென்பொருள்கள் இணையமே இல்லாத இடத்துக்கென்று எழுதப்பட்டவை. தமிழ் விக்கிபீடியாவை அதில் இறக்கி வைத்துக்கொண்டு படிக்கலாம். மற்றவற்றை வாங்குவோர் கடைக்காரரிடம் ‘இணையம் இல்லாமல் ஓடுமா’ என்று கேட்டால் போதாது. ‘ஓடும்’ என்றுதான் சொல்வார். கம்பியைப் பிடுங்கி, பெட்டியை முழுதும் அணைத்து, மின்செருகியையும் கழற்றி ஓரிரவு வைத்து, மறுநாள் காலையில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியானாலும், கோவில் அலுவலகமானாலும், கணினியில் ரசீது போடும் மளிகைக் கடையானாலும் இதையே செய்யலாம். ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் கம்பியை மட்டும் பிடுங்கிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எழுந்து நிற்கும்போதுதான் அதன் தயவு யாரிடம் என்று வெளிப்படும்.

எங்கள் பெட்டி இப்போது ஓடுகிறது. கம்பி திரும்பி வருவதற்கு முன்பே நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் பின்னக் கணக்கைப் பார்த்து முடித்துவிட்டார்கள். பேட்டரி விலை மூன்று வெள்ளி. சங்கத்தின் பொருளாளர் அதற்கும் ரசீது கேட்டார், கொடுத்தேன்.