உளநூற் சோதனையறிக்கையும் பொருளில் அசைகளும்

உளநூற் சோதனையின் அறிக்கை நோக்கம், முறை, முடிவு, ஆய்வுரை என்னும் நான்கு உறுப்புகளை உடையது. இவற்றுள் முறையுரையே ஏனையவற்றைத் தாங்குவதாம். பிறர் அச்சோதனையை மீண்டும் செய்து காண்டற்கு வழி அதுவே.

ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹவுஸ், தம் நினைவாற்றலைத் தாமே ஆய்ந்து 1885இல் நூல் வெளியிட்டார். மெய், உயிர், மெய் என அமைந்த ஏறத்தாழ 2300 பொருளில் அசைகளை அவர் கையாண்டார். முறையைத் தெளிவுற எழுதிவைத்தமையின், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர் அதனை மீண்டும் செய்து, ஒத்த முடிவினை 2015இல் வெளியிட்டனர்.

இச்சோதனையைச் சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலோ கடலூர்க் கல்லூரியொன்றிலோ தமிழில் நடத்த முற்படுவார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. கல், கண், நெல், வில் என அவ்வமைப்புடைய தமிழ் அசைகளுட் பல பொருள் தருவன. ஓரெழுத்தொருமொழிகளே 42 என்பர் நன்னூலார். பொருளுடைய சொல்லோ எளிதில் நினைவில் நிற்கும். ஆகலின், அசைகளைத் தேர்ந்த வகையினையும் பொருளுடையவற்றை விலக்கிய நெறியினையும் அறிக்கையில் விளங்க உரைத்தல் வேண்டும். அதனை விடுத்து, தமிழ் மாணவர் நினைவாற்றல் மிக்கார் என முடிவு கூறின், அது மாணவர் திறனோ சொல்லின் திறனோ என அறிதல் இயலாது. மீண்டும் செய்து பார்ப்பார்க்கும் வழி அடைபடும்.