சூனியக்காரிகள் பற்றிய வரலாற்றுப் புனைவும் வாசிப்பு வட்டத்திற்கான நூல் தேர்வும்

சூனியக்காரிகள் பற்றிய வரலாற்றுப் புனைவு என்பது, மந்திரத்தால் பிறருக்குத் தீங்கு விளைவித்ததாகப் பழி சுமத்தப்பட்ட பெண்களின் வாழ்வை, அக்காலத்து ஆவணங்களையும் மக்கள் வழக்காறுகளையும் துணையாகக் கொண்டு சொல்லும் நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றைக் குறிக்கும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்த சூனிய வழக்குகளை ஒட்டி இத்தகைய நூல்கள் மிகுதியாக வந்துள்ளன. இந்தியாவில் இது முடிந்துபோன வரலாறு அன்று; பெண்களைச் சூனியக்காரி எனக் கூறிக் கொலை செய்வது இன்றும் சில மாநிலங்களில் நிகழ்கிறது. ஆகவே ஒரு வாசிப்பு வட்டம் இவ்வகை நூலைத் தேர்ந்தெடுக்கும்போது சில செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. ஓசூர், கிருஷ்ணகிரி தொழிற்பகுதியின் வாசகர்களை மனத்தில் கொண்டு அச்செய்திகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

சொல்லும் பொருளும்

சூனியம் என்னும் சொல்லின் முதற்பொருள் வெறுமை, ஒன்றுமின்மை என்பதாகும். பில்லி, சூனியம், ஏவல், செய்வினை என்று பேச்சு வழக்கில் வரும் சொற்கள் தீங்கு செய்யும் மந்திரத்தைக் குறிக்கின்றன. தமிழ்க் கதைகளில் அம்மந்திரத்தைச் செய்பவர் பெரும்பாலும் மந்திரவாதி என்னும் ஆண். பெண்ணோ பேயாகவும் நீலியாகவும் இசக்கியாகவும் வருகிறாள்.

இந்த வேறுபாடு முக்கியமானது. நீலியும் இசக்கியும் கொலையுண்ட பின் பழிவாங்க வரும் பெண்கள். ஐரோப்பியக் கதைகளின் சூனியக்காரியோ உயிரோடு இருக்கும்போதே பழி சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டவள். ஒருத்தி செத்த பின் அச்சத்திற்கு உரியவளாகிறாள். மற்றொருத்தி அச்சத்தினாலேயே சாகடிக்கப்படுகிறாள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டால் நூலின் மையத்தைத் தவறவிட நேரும்.

எல்லைப் பகுதியின் கதை: நாளே பா

ஓசூரை அடுத்த ஜூஜூவாடியைக் கடந்தால் கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளும் புழங்குவதால் கதைகளும் எல்லை தாண்டி உலவுகின்றன. அவற்றுள் ஒன்று 1990களில் பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும் பரவிய 'நாளே பா' கதை. இரவில் ஒரு பெண்பேய் தெருவில் வந்து, வீட்டாருக்கு நெருங்கியவர் குரலில் கதவைத் தட்டும். திறந்தவர் பிழைக்கமாட்டார் என்பது நம்பிக்கை. அதைத் தடுக்கக் கதவிலும் சுவரிலும் கன்னடத்தில் 'நாளே பா', அதாவது 'நாளை வா' என எழுதி வைத்தனர். அது படித்துவிட்டுத் திரும்பிப்போகும். மறுநாள் வந்தாலும் அதே சொல்தான் இருக்கும். 2018இல் வெளிவந்த 'ஸ்த்ரீ' என்னும் இந்தித் திரைப்படம் இக்கதையைத் தழுவியது.

வாசிப்பு வட்டத்தில் முதல் உரையாடலைத் தொடங்க இக்கதை பொருத்தமானது. வதந்தி எப்படிப் பரவுகிறது, அச்சம் எப்படி ஒரு தெரு முழுவதையும் ஒரே மாதிரி நடக்கவைக்கிறது என்பதை உறுப்பினர்கள் தாம் கேட்ட செய்திகளைக் கொண்டே பேசலாம். இக்கதையால் யாரும் குற்றவாளியாக்கப்படவில்லை. அதே அச்சம் அடுத்த வீட்டில் வாழும் ஒரு பெண்ணின் மீது திரும்பினால் அதுவே சூனிய வழக்காகிறது.

பழையனூர் நீலி

தமிழில் இப்பொருளுக்கு மிக நெருங்கிய பழங்கதை, திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதை. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, இவன் என் கணவன் என ஊர் வேளாளர்களிடம் முறையிடுகிறாள். அவன் உயிருக்குத் தாங்கள் பிணை என்று சொல்லி வேளாளர் எழுபதின்மரும் இருவரையும் ஒரே இல்லத்தில் தங்கவைக்கின்றனர். இரவில் அவள் அவனைக் கொன்றுவிட, கொடுத்த வாக்கைக் காக்க எழுபதின்மரும் தீப்பாய்ந்து உயிர் விடுகின்றனர்.

'நீலிக்கண்ணீர்' என்று பொய் அழுகையைக் குறிக்கும் வழக்கு இக்கதையிலிருந்து வந்தது. வேளாளர்களின் வாய்மை போற்றப்பட்டது. நீலியின் வஞ்சனை பழமொழியாயிற்று. முதலில் கொலையுண்டவள் அவள் என்பது மட்டும் பேச்சில் மறைந்துபோயிற்று. கதையை யார் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பழி இடம் மாறுவதற்கு இது நல்ல சான்று.

இந்த நீலியைச் சமணர்கள் வேறு விதமாகப் பார்த்தனர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில், உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை அச்சுறுத்தி விரட்ட வரும் நீலி, அவருடைய அறவுரையைக் கேட்டு மனம் மாறுகிறாள். பின்னர் குண்டலகேசி முதலான பிற சமயத்தாரைச் சந்தித்து வாதிட்டு வெல்கிறாள். அச்சத்திற்கு உரியவளாக இருந்த பெண்ணை அறிவுடைய வாதியாக மாற்றி எழுதிய இந்நூல், இக்காலப் புனைவாசிரியர்கள் செய்யும் வேலையைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கிறது. அ. சக்கரவர்த்தி நயினார் இதனை 1936இல் பதிப்பித்தார். முதற்பகுதியான தருமவுரைச் சருக்கத்தை மட்டும் உரையுடன் படித்தாலே வட்டத்திற்குப் போதும்.

இந்தியச் சூழல்

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கொலைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சூனியத்தைத் தனியே பதிவு செய்கிறது. 2022ஆம் ஆண்டில் இக்காரணத்தால் கொல்லப்பட்டவர்கள் 85 பேர். பீகார் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும், ராஜஸ்தானும் அசாமும் 2015இலும் இதைத் தடுக்கச் சட்டம் இயற்றின. கர்நாடகம் 2017இல் இயற்றிய மூடப்பழக்க ஒழிப்புச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது.

பழிக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பவை நிலம், சொத்து, குடும்பப் பகை, விளக்கம் தெரியாத நோய் ஆகியவை. கணவனை இழந்தவரும் தனித்து வாழும் முதியவரும் எளிதில் இலக்காகின்றனர். ஜார்க்கண்டைச் சேர்ந்த சுட்னி மஹதோ 1995இல் சூனியக்காரி எனத் துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டவர். பின்னர் தம்மைப் போன்ற பெண்களை மீட்கும் பணியில் இறங்கினார். அசாமின் பிருபாலா ராபாவும் இக்கொடுமையை எதிர்த்துப் பல்லாண்டுகள் போராடினார். இருவருக்கும் 2021இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

ஓசூர் சிப்காட் ஆலைகளில் ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார், அசாம் மாநிலத் தொழிலாளர்கள் பலர் வேலை செய்கின்றனர். அவர்கள் ஊர்களை இழித்துப் பேசும் இடமாக வாசிப்பு வட்டம் ஆகிவிடக் கூடாது. அக்கொடுமையை எதிர்த்து நின்றவர்களும் அதே மண்ணின் பெண்களே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்திய இலக்கியத்தில் மகாசுவேதா தேவியின் 'பாயேன்' என்னும் வங்காளச் சிறுகதை குறிப்பிடத்தக்கது. இறந்த குழந்தைகளைப் புதைக்கும் குலத்தொழிலைச் செய்யும் சண்டிதாசி, தானே ஒரு குழந்தைக்குத் தாயான பின் அத்தொழிலைச் செய்யத் தயங்குகிறாள். ஊரார் அவளைப் பாயேன் என்று முத்திரை குத்த, கணவனே அதை ஊரறிய அறிவிக்கிறான். மகனைக்கூடப் பார்க்க முடியாமல் இரயில் பாதையோரம் தனித்து வாழ்கிறாள். சாதியும் தொழிலும் பெண் என்ற நிலையும் எவ்வாறு ஒன்றுசேர்ந்து ஒருத்தியை ஒதுக்குகின்றன என்பதைச் சில பக்கங்களில் இக்கதை காட்டுகிறது. தாராசங்கர் பந்தோபாத்யாயவின் 'டைனி' என்னும் கதையில், ஊரார் சொல்லைக் கேட்டுக் கேட்டுத் தான் சூனியக்காரிதான் என்று நம்பிவிடும் முதியவளைக் காணலாம்.

வெளிநாட்டு நூல்கள்

சேலம் வழக்குகள்: அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் உள்ள சேலத்தில் 1692இல் தொடங்கிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர், ஒருவர் மீது பாறாங்கற்களை ஏற்றிக் கொன்றனர். ஆர்தர் மில்லர் 1953இல் எழுதிய 'தி குரூசிபிள்' நாடகம் இதை ஒட்டியது. கம்யூனிஸ்டுகள் என ஐயுற்றவர்களை அமெரிக்க அரசு விசாரித்துவந்த காலத்தை மில்லர் இதன்வழி விமர்சித்தார். மரீஸ் கொண்டே 1986இல் பிரெஞ்சில் எழுதிய நாவல், முதலில் குற்றம் சாட்டப்பட்டவர்களுள் ஒருவரான டிட்டூபா என்னும் அடிமைப் பெண்ணை நாயகியாக்குகிறது.

கெப்லரின் தாய்: கோள்களின் இயக்க விதிகளைத் தந்த யோகான்னஸ் கெப்லரைப் பள்ளி மாணவர் அனைவரும் அறிவர். அவருடைய தாய் கதரீனா, தாம் கொடுத்த பானத்தால் நோயுற்றதாக அண்டைப் பெண் ஒருத்தி சொன்ன புகாரால் 1615இல் பழிக்கு ஆளானார். 1620இல் எழுபது வயதைக் கடந்த நிலையில் கைது செய்யப்பட்டுச் சங்கிலியில் பிணைக்கப்பட்டார். மகனே முன்னின்று வழக்கை நடத்தி 1621இல் மீட்டார். மறு ஆண்டு அவர் காலமானார். கெப்லர் தம் மூன்றாம் விதியை வெளியிட்ட 1619ஆம் ஆண்டு இவ்வழக்கின் நடுவே வருகிறது. ரிவ்கா கால்சென் 2021இல் எழுதிய ஆங்கில நாவல் கதரீனாவின் குரலிலேயே இதைச் சொல்கிறது. பொறியியல் படித்தவர்கள் நிறைந்த ஓசூரில் இந்நூல் நல்ல விவாதத்தை எழுப்பும்.

வார்தோ வழக்குகள்: நார்வேயின் வடகோடியில் உள்ள வார்தோவில் 1617இல் வீசிய புயலில் மீன்பிடிக்கச் சென்ற 40 ஆண்கள் மாண்டனர். புயலை ஏவியதாகப் பெண்கள் மீது பின்னர் வழக்குத் தொடுக்கப்பட்டது. கிரண் மில்வுட் ஹார்கிரேவின் 2020ஆம் ஆண்டு ஆங்கில நாவல் இப்பின்னணியில் அமைந்தது.

தேர்வு செய்யும் முறை

1. மந்திரம் உண்மையா, பழியா: நூலில் மந்திரம் பலிப்பதாகக் காட்டப்படுகிறதா, அல்லது பழி மட்டுமே சொல்லப்படுகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். கொண்டேயின் நாவலில் டிட்டூபாவின் ஆற்றல் மெய்யானது. அதைப் படிப்பதில் தவறில்லை. ஆனால் அது கற்பனை உத்தி என்பதைத் தொடக்கத்திலேயே பேசிவிடுவது நல்லது.

2. ஆவணத்திலிருந்து விலகல்: வரலாற்றில் அபிகெய்ல் வில்லியம்ஸ் ஏறத்தாழ 11 வயதுச் சிறுமி, ஜான் பிராக்டர் அறுபது வயதை ஒட்டியவர். மில்லர் அவளைப் பதினேழு வயதினளாகவும் அவரை முப்பதுகளில் உள்ளவராகவும் மாற்றி, இருவருக்கும் இடையே ஒரு காதலைப் புனைந்தார். நாடகத்தை மட்டும் படிப்பவர் அதையே வரலாறு என எண்ணக்கூடும். கிருஷ்ணகிரி மாவட்டம் நடுகற்கள் நிறைந்த பகுதி. கல்லில் எழுதியிருப்பது எது, ஊரார் சொல்வது எது எனப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இங்கும் உதவும்.

3. யாருக்கு ஆதாயம்: பழியால் நிலம், பதவி, பழிவாங்கல் ஆகியவற்றில் எது யாருக்குக் கிடைத்தது என்பதைக் காட்டும் நூல் சிறந்தது. கூந்தல் விரித்த அழகியையும் நிலவொளியையும் மட்டும் காட்டும் நூல் பொழுதுபோக்கோடு நின்றுவிடும்.

4. வன்முறை: சித்திரவதைக் காட்சிகள் இவ்வகை நூல்களில் வருவதுண்டு. மாணவர்கள் இருக்கும் வட்டத்தில் பொறுப்பாளர் முன்னரே முழுவதும் படித்திருக்க வேண்டும்.

5. மொழியும் நேரமும்: ஷிப்ட் முறையில் வேலை செய்வோருக்குப் பெரிய நாவலை ஒரே மாதத்தில் முடிப்பது கடினம். சிறுகதைகளில் தொடங்குவது எளிது. 'தி குரூசிபிள்' நான்கு அங்கங்கள் கொண்டது. ஆள் பிரித்து வாரம் ஓர் அங்கமாக உரக்க வாசிக்கலாம். ஆங்கில நூலாயின் ஒருவர் சுருக்கத்தைத் தமிழிலும், இயன்றால் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொல்வது அனைவரையும் உள்ளடக்கும்.

ஒரு மாதிரி வரிசை

முதல் மாதம் 'நாளே பா', நீலி முதலிய வாய்மொழிக் கதைகள். இரண்டாம் மாதம் நீலகேசியின் முதற்பகுதி. மூன்றாம் மாதம் 'பாயேன்'. நான்காம் மாதம் 'தி குரூசிபிள்'. ஐந்து, ஆறாம் மாதங்களில் கால்செனின் நாவல் என அமைத்துக்கொள்ளலாம். தெரிந்த கதையிலிருந்து தெரியாத கதைக்கும், சிறிய நூலிலிருந்து பெரிய நூலுக்கும் செல்வதே இவ்வரிசையின் நோக்கம்.

ஒவ்வொரு நூலுக்கும் பொதுவாக மூன்று வினாக்களைக் கேட்கலாம். முதலில் பழி சொன்னவர் யார்? அதை மறுக்கக்கூடியவர்கள் ஏன் வாய் திறக்கவில்லை? கடைசியில் ஒருவராவது துணை நின்றாரா? மூன்றாவது வினாவிற்குக் கெப்லர் ஒரு விடை. சேலத்தில் தண்டனை விதிக்கப்பட்டும் தூக்கிலிருந்து தப்பிய எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பெயர் மட்டும் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கப்படாமல் இருந்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் அதை எடுத்துக்கொண்டு முயன்றதன் பயனாக, 2022இல் சட்டமன்றம் அவரைக் குற்றமற்றவர் என அறிவித்தது. தீர்ப்பு வந்து 329 ஆண்டுகள் ஆகியிருந்தன.