ஈரற் புற்றுநோயின் மீள்வருகை: சத்திரசிகிச்சையின் பின் முன்னறிதல்

ஈரலின் சொந்தக் கலங்களிலிருந்தே தோன்றும் புற்றுநோய், ஈரற் புற்றுநோய்களுள் மிகப் பரவலாகக் காணப்படுவதாகும். நோய் தொடக்க நிலையிற் கண்டறியப்பட்டு, எஞ்சும் ஈரலும் போதிய வலிமையுடையதாயின், கட்டியை வெட்டி நீக்குதல் நோயைத் தீர்க்கவல்ல வழிகளுள் ஒன்றாகும். ஆயினும், அவ்வாறு சத்திரசிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 70 பேர் வரையிலானோருக்கு ஐந்தாண்டுகளுக்குள் ஈரலில் மீண்டும் புற்றுநோய் தோன்றுகின்றது. ஆதலின், “இந்நோய் எனக்குத் திரும்பவும் வருமா?” என்னும் வினா நோயாளியின் மனத்தில் எழுவது இயல்பே. மருத்துவ விஞ்ஞானம் அவ்வினாவுக்கு எவ்வாறு விடை காண முயல்கின்றது, அவ்விடையின் எல்லைகள் யாவை என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. மீள்வருகை இருவகைத்து

மீள்வருகை என ஒரே சொல்லாற் குறிப்பிடினும், அதனுள் இரு வேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. ஈரற் கட்டியிலிருந்து பிரியும் புற்றுக் கலங்கள் அருகிலுள்ள ஈரல்வாயினாளத்தின் நுண்கிளைகளுட் புகுந்து, ஈரலின் பிற பகுதிகளிற் சென்று தங்கக்கூடும். சத்திரசிகிச்சை வேளையில் அவை எந்தக் கதிர்ப்படத்திலும் புலப்படா அளவு சிறியன. பின்னர் அவை பெருகிக் கட்டிகளாகின்றன. இது பழைய நோயின் எச்சம்.

மற்றையது முற்றிலும் வேறானது. ஈரற் புற்றுநோய் பெரும்பாலும் நலமான ஈரலிலே தோன்றுவதில்லை. ஹெப்பற்றைற்றிசு பீ, சீ ஆகிய வைரசுகளாலோ, மதுவாலோ, கொழுப்புப் படிதலாலோ நெடுங்காலம் புண்பட்டு வடுவேறிய ஈரலே அதன் விளைநிலம். வைத்தியர் கட்டியை நீக்குகின்றாரேயன்றி அந்நிலத்தை மாற்றுவதில்லை. எனவே அங்கு முதற் கட்டியுடன் வழித்தொடர்பற்ற புதியதொரு புற்றுநோய் தோன்ற இடமுண்டு. தோட்டத்திற் கோரையைப் பிடுங்கியபின் மண்ணிற் கிடந்த கிழங்கு முளைத்தல் முதலாவது வகைக்கும், அம்மண்ணின் தன்மையாற் புதிய களை தோன்றுதல் இரண்டாவது வகைக்கும் ஒப்பாகும்.

முதலாவது வகை பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள்ளும், இரண்டாவது அதற்குப் பின்னரும் நிகழ்கின்றன. இவ்வெல்லை திட்டவட்டமானதன்று, எனினும் பயனுள்ளது. யப்பானில் இமாமுறாவும் உடனாய்வாளரும் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இரு காலப்பகுதிகளுக்கும் உரிய ஆபத்துக் காரணிகள் வெவ்வேறானவை எனக் காட்டியது. நுண்குழாய்களுட் புற்றுக் கலங்கள் புகுந்திருத்தல் போன்றவை முற்கால மீள்வருகையோடும், நாட்பட்ட ஈரலழற்சியின் கடுமை போன்றவை பிற்கால மீள்வருகையோடும் தொடர்புற்றிருந்தன.

2. கட்டி தரும் சான்று

முற்கால மீள்வருகையை முன்னறிய விரும்புவோர் கட்டியையே முதலில் ஆராய்வர். அதன் பருமன், எண்ணிக்கை, குருதிக் குழாய்களுட் புகுந்துள்ள தன்மை ஆகியன முக்கியமானவை. இவற்றோடு குருதியிலுள்ள அல்பா-பீற்றோ புரதத்தின் அளவும் கருதப்படும். இப்புரதம் முதிர்கருவின் ஈரலில் மிகுதியாகச் சுரந்து, பிறப்பின் பின்னர் அருகிவிடுவது. ஈரற் கட்டி கொண்ட எலிகளின் குருதியில் இது மீண்டும் தோன்றுதலைச் சோவியத் ஆய்வாளர் அபெலெவ் 1963 இற் கண்டார். மறு ஆண்டு ததாரினொவ் அதனை மனித நோயாளரிடத்துக் கண்டறிந்தார். ஆயினும் ஈரற் புற்றுநோயாளர் பலரில் இப்புரதம் இயல்பான அளவிலேயே இருத்தலால், இதனை மட்டும் நம்புதல் பொருந்தாது.

புற்றுக் கலங்கள் ஈரல்வாயினாளத்தின் வழியே பரவுகின்றன என்னும் அறிவு சத்திரசிகிச்சை முறையையும் மாற்றியது. பிரான்சிய உடற்கூற்றறிஞர் கூய்னோ 1957 இல் வெளியிட்ட நூலில், நாளக் கிளைகளை அடிப்படையாகக் கொண்டு ஈரலை எட்டுத் துண்டங்களாக வகுத்தார். யப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் மக்கூச்சி, கழியொலிக் கருவியின் துணையுடன் கட்டிக்குரிய நாளக் கிளையிற் சாயத்தைச் செலுத்தி, நிறமேறிய பகுதி முழுவதையும் வெட்டி நீக்கும் முறையை உருவாக்கி 1985 இல் வெளியிட்டார். கட்டியைமட்டும் அகழ்ந்தெடுக்காது, அதன் கலங்கள் பரவக்கூடிய எல்லை முழுவதையும் நீக்குதலே இதன் கருத்து.

இங்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நுண்குழாய்களுட் புற்றுக் கலங்கள் புகுந்துள்ளனவா என்பதை, வெட்டியெடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் நோக்கிய பின்னரே உறுதியாக அறியலாம். எவ்வளவு வெட்டுவது என முடிவுசெய்ய வேண்டிய வேளையில் இச்சான்று கையிலில்லை.

3. எஞ்சிய ஈரல் தரும் சான்று

பிற்கால மீள்வருகையின் விடை கட்டியிலன்றி, விட்டுவைத்த ஈரலிலேயே உள்ளது. 2008 இல் ஹொசிடாவும் உடனாய்வாளரும் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. போமலினிற் பதப்படுத்திச் சேமிக்கப்பட்டிருந்த இழையங்களிற் பரம்பரையலகுகளின் தொழிற்பாட்டை அவர்கள் அளந்தனர். கட்டியின் இழையத்திற் பெற்ற கோலம் நோயாளரின் பிற்கால நிலையை முன்னறிய உதவவில்லை. அதனைச் சூழ்ந்திருந்த, புற்றற்ற ஈரல் இழையத்தின் கோலமே உயிர்வாழ்வுடனும் பிற்கால மீள்வருகையுடனும் தொடர்புற்றிருந்தது. யப்பானிய நோயாளரிடம் முதலிற் கண்ட இத்தொடர்பு, பின்னர் அமெரிக்க, ஐரோப்பிய நோயாளரிடத்தும் உறுதிசெய்யப்பட்டது.

4. சான்றுகளை எண்ணாக்குதல்

தனித்தனிச் சான்றுகளை ஒன்றுசேர்த்து ஒரு நிகழ்தகவைக் கணித்தல் அடுத்த படியாகும். 2018 இல் வெளியான ஒரு கணிப்பு முறை, கட்டியின் பருமன், எண்ணிக்கை, அல்பா-பீற்றோ புரதம், குருதியின் அல்புமின், பிலிரூபின் அளவுகள், நோயாளியின் பால் ஆகியவற்றைக் கொண்டு முற்கால மீள்வருகையின் ஆபத்தை வகுத்தது. சத்திரசிகிச்சையின் பின்னராயின் நுண்குழாய்ச் சான்றும் சேர்க்கப்படும். அண்மைக் காலத்தில் இழையத் துண்டுகளின் படங்களைக் கணனியே வாசித்து ஆபத்தைக் கணிக்கும் முறைகளும் தோன்றியுள்ளன.

இத்தகைய முறையை மதிப்பிட இரு வினாக்களைக் கேட்டல் வேண்டும். நோய் திரும்பிய ஒருவரையும் திரும்பாத ஒருவரையும் எழுந்தமானமாகத் தெரிந்தால், முன்னவருக்கே கூடிய ஆபத்து உண்டென அம்முறை எத்தனை தடவை சரியாகக் கூறும் என்பது முதலாவது. நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பினும் நூற்றுக்கு ஐம்பது தடவை சரியாகும் என்பதை இங்கு நினைவிற் கொள்ளவேண்டும். நூற்றுக்கு நாற்பது ஆபத்து எனக் கூறப்பட்ட நூறுபேரில் உண்மையில் ஏறத்தாழ நாற்பது பேருக்கு நோய் திரும்பியதா என்பது இரண்டாவது. வைரசு பரவலாகவுள்ள நாட்டில் உருவாக்கிய முறை, கொழுப்பீரல் மிகுந்த நாட்டில் இவ்விரண்டாம் தேர்விலே தவறக்கூடும். ஆதலின் ஒரு முறையை வேறிடத்து நோயாளரிற் சோதித்துப் பாராது ஏற்றல் தகாது.

அவ்வெண் ஒருவரின் விதியைக் கூறுவதன்று. அவரை ஒத்த பலரின் அனுபவத்தையே கூறுவது. அது காலத்தோடு மாறுவதுமாகும். இரண்டு ஆண்டுகளை நோயின்றிக் கடந்தவருக்கு முதலாம் நாளிற் கூறிய எண் இனிப் பொருந்தாது. முதலாவது வகை ஆபத்து அவருக்குப் பெரிதும் குறைந்துவிட்டது. இரண்டாவது வகை தொடர்வதாற் கண்காணிப்பை நிறுத்தலாகாது.

5. முன்னறிவின் பயன்

மாற்றமுடியாத ஒன்றை முன்னறிதலாற் பயன் சிறிதே. இங்கோ பயன் பலவாகும். அடிக்கடி கதிர்ப்படப் பரிசோதனை செய்வதால் மீண்டுவரும் கட்டியைச் சிறிதாயிருக்கையிலேயே கண்டு, மறுபடி வெட்டியோ வெப்பத்தாற் கருக்கியோ நீக்கலாம். தகுதியுடையோருக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையும் உண்டு. இத்தாலியின் மிலான் நகரில் மற்சாபெரோவும் உடனாய்வாளரும் 1996 இல் வகுத்த விதிப்படி, 5 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரு கட்டி, அல்லது ஒவ்வொன்றும் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத மூன்று கட்டிகள் வரை இருப்பின் அது பயன் தரும். புற்றோடு நோயுற்ற நிலத்தையும் ஒருங்கே அகற்றுதல் அதன் சிறப்பாகும்.

மருந்தால் மீள்வருகையைத் தடுக்கும் முயற்சி இன்னும் முழு வெற்றி பெறவில்லை. சோறாபெனிப் என்னும் மருந்து 2015 இல் வெளியான பெரும் பரிசோதனையிற் பயன் தரவில்லை. ஆபத்து மிகுந்தோரை மட்டும் தெரிந்து அற்றெசோலிசுமாப், பெவாசிசுமாப் ஆகிய இரண்டையும் கொடுத்த பரிசோதனை 2023 இல் நம்பிக்கையூட்டிற்று. 2024 இல் வெளியான நீண்ட அவதானிப்பில் அந்நன்மை நிலைக்கவில்லை.

ஆயின் எஞ்சிய ஈரலைப் பேணுதல் நம் ஆற்றலுக்கு உட்பட்டது. ஹெப்பற்றைற்றிசு பீ வைரசு உடையோருக்கு வைரசெதிர் மருந்துகள் மீள்வருகையைக் குறைக்கின்றன. இலங்கையில் வைரசுகளிலும் பார்க்கக் கொழுப்பீரலும் மதுவுமே இந்நோயின் பெருங் காரணிகளாகக் காணப்படுகின்றன. ஆகவே இங்கு ஈரலைப் பேணுதல் என்பது மதுவைக் கைவிடுதல், நீரிழிவையும் உடற்பருமனையும் கட்டுப்படுத்துதல் என்பவற்றையே பெரிதும் குறிக்கும்.

நோய் திரும்புமா என வினவும் நோயாளிக்கு ஆம் என்றோ இல்லை என்றோ உறுதி கூற எந்த வைத்தியராலும் இயலாது. ஆயினும் எக்காலத்தில் எவ்வகை ஆபத்து மிகுதி, அதனை எவ்வாறு கண்காணிப்பது, அவர் தாமே செய்யத்தக்கது யாது என்பவற்றை எடுத்துரைக்க இயலும். வெட்டியெடுத்த கட்டியோடு, விட்டுவைத்த ஈரலையும் ஆராய்ந்தாலன்றி அவ்விடை நிறைவுறாது.