காணிப் பதிவேடும் புளொக்செயினும்: செட்டிகுளத்து மக்கள் அறிய வேண்டியவை

வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளம் பிரதேசத்தில் தமிழ்க் கிராமங்களும் முஸ்லிம் கிராமங்களும் அருகருகே அமைந்துள்ளன. காணிப் பிரச்சினை என்று வரும்போது இரு சமூகத்தவரும் சொல்வது ஏறத்தாழ ஒன்றே. உறுதி இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது. அனுமதிப்பத்திரம் தந்தையின் பெயரில் இருக்கிறது, தந்தை உயிரோடில்லை. எல்லைக்கல் இருந்த இடத்தில் பற்றைக்காடு வளர்ந்துவிட்டது. 2009ஆம் ஆண்டில் இதே செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாமில் வன்னியின் ஏனைய பகுதிகளைச் சேர்ந்த இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் அடைக்கப்பட்டிருந்தபோது, அவர்களிற் பலரிடம் காணி தொடர்பான துண்டுக் கடதாசியேனும் எஞ்சியிருக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்கும் பெட்டியைத் திறந்து உறுதிகளைத் தேடியெடுக்க அவகாசம் கிடைக்கவில்லை.

ஆகவே, ஒருமுறை எழுதினால் எவரும் இரகசியமாக அழிக்க முடியாத பதிவேடு என்று புளொக்செயின் தொழில்நுட்பம் அறிமுகப்படுத்தப்படும்போது நம்மவர்கள் அதனை ஆவலோடு நோக்குவது இயல்பே. ஆயினும் அது தனியே நின்று இயங்குவதன்று. ஏற்கனவே உள்ள பதிவகங்களோடும் தரவுத்தளங்களோடும் அது பிணைக்கப்பட வேண்டும். சிக்கல் முழுவதும் அந்தப் பிணைப்பில்தான் இருக்கின்றது.

புளொக்செயின் என்பது அடிப்படையில் ஒரு பேரேடு. ஆவணம் ஒன்றைக் கணினியில் குறித்த கணித முறைக்கு உட்படுத்தினால் அதற்கேயுரிய எண்ணெழுத்துத் தொடரொன்று கிடைக்கும். ஆவணத்தில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தொடர் முற்றாக மாறிவிடும் என்பதால் இதனை ஆவணத்தின் கைரேகை எனலாம். பேரேட்டின் ஒவ்வொரு பக்கமும் தனக்கு முந்திய பக்கத்தின் கைரேகையைத் தாங்கியிருப்பதாலும், பேரேட்டின் பிரதிகள் பல இடங்களில் இருப்பதாலும், இடையில் ஒரு பக்கத்தைத் திருத்தினால் அது உடனே வெளிப்பட்டுவிடும். உறுதிகளை அப்படியே இதில் ஏற்றுவதில்லை. அவை பழைய தரவுத்தளத்திலேயே இருக்கும்; கைரேகை மாத்திரம் சங்கிலிக்குச் செல்லும்.

ஜோர்ஜியா நாடு 2016இல் இவ்வழியையே மேற்கொண்டது. பிட்பியூரி என்ற நிறுவனத்துடன் இணைந்து அந்நாட்டுப் பொதுப் பதிவு முகவரகம் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காணிப் பதிவுகளின் கைரேகைகளைச் சங்கிலியில் ஏற்றியது. ஆனால் அந்த முகவரகம் 2004இலேயே உருவாக்கப்பட்டு, அதற்கு முன்னர் நிலவிய பதிவு முறை சீர்செய்யப்பட்டு, பதிவுகள் கணினிமயப்படுத்தப்பட்டிருந்தன. புளொக்செயின் வந்தது பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர்தான்.

பழைய முறைமையை முற்றாக அகற்றிவிட்டு அவ்விடத்தில் புதியதை வைக்க முயன்றவர்களின் அனுபவம் வேறு. அவுஸ்திரேலியப் பங்குச்சந்தை 1994 முதல் இயங்கிவரும் தனது தீர்வு முறைமைக்குப் பதிலாகப் புளொக்செயின் வழிவந்த முறைமையொன்றை அமைக்கப்போவதாக 2017இல் அறிவித்தது. 2022 நவம்பரில் அம்முயற்சி கைவிடப்பட்டபோது சுமார் 25 கோடி அவுஸ்திரேலிய டொலர் நட்டக் கணக்கில் எழுதப்பட்டது. பணமும் நிபுணர்களும் நிறைந்த நிறுவனத்துக்கே இந்நிலை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். செட்டிகுளத்தில் ஒருவரின் காணியைப் பற்றிய விபரம் ஓரிடத்தில் இல்லை. உறுதிக் காணியாயின் பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் கீழுள்ள காணிப் பதிவகத்தில் இருக்கும். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரமாயின் பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் இருக்கும். வரைபடம் நில அளவைத் திணைக்களத்திடம் இருக்கும். இவற்றை இணைக்கும்போது முதலில் இடறுவது பெயர். ஒரே மனிதரின் பெயர் தமிழில் ஒருவிதமாகவும் சிங்களத்தில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் வேறொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கும். தந்தையின் பெயரை முன்னே வைக்கும் தமிழர் வழக்கமும், அரபுப் பெயர்களைப் பலவாறு எழுதும் வழக்கமும் கணினிக்குப் புரிவதில்லை. அடையாள அட்டை இலக்கத்தைக் கொண்டு பொருத்தலாம் என்றால், ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட பழைய முறை 2016இல் பன்னிரண்டு இலக்கமாக மாறியது. தேசிய அடையாள அட்டை நடைமுறைக்கு வருமுன் எழுதப்பட்ட பத்திரங்களில் எந்த இலக்கமுமே இல்லை.

இதனைவிடப் பாரதூரமான விடயம் ஒன்றுண்டு. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவகம் பதிவது ஆவணத்தை மாத்திரமே. அதனை எழுதிக்கொடுத்தவருக்கு உண்மையில் உரித்து இருந்ததா என்பதற்கு அது உத்தரவாதமளிப்பதில்லை. கள்ள உறுதியும் பதிவேறலாம். அவ்வாறான பதிவின் மீது புளொக்செயினைப் பொருத்தினால் கள்ள உறுதி என்றென்றும் பழுதுபடாமல் பாதுகாக்கப்படும்! உரித்தை விசாரித்து நிச்சயப்படுத்தும் ஏற்பாடு 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தில் உள்ளது. 'பிம் சவிய' என்று அறியப்படுவது அதுவே. எனினும் அவ்விசாரணை அறிவித்தலைக் கண்டு உரிமை கோருவோரை நம்பியது. புத்தளத்திலும் தமிழகத்து முகாம்களிலும் வாழ்பவர் எவ்வாறு அதனைக் காண்பார்?

இது கற்பனை அச்சமன்று. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வடமாகாணத்தில் 5,900க்கும் அதிக ஏக்கர் காணிக்கு மூன்று மாதங்களுக்குள் உரிமை கோருமாறும், தவறினால் அது அரச காணியாகும் என்றும் அறிவித்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவ்வாண்டு ஜூனில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. போரினால் நீதிமன்றம் செல்ல முடியாதிருந்தவர்களின் காணியைப் பிறர் பத்தாண்டு ஆட்சியைக் காட்டி உரிமையாக்குவதைத் தடுக்க 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் இயற்ற நேர்ந்ததும் இதே காரணத்தினாலேயே. அதன்படி 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் ஆட்சிக் கணக்கில் சேர்வதில்லை. பிழையான பதிவைச் சட்டம் பின்னர் திருத்தும்போது சங்கிலியிலும் திருத்தம் இடம்பெற வேண்டும். பழைய பதிவை அழிக்க இயலாது. நீதிமன்றத் தீர்ப்பைப் புதிய பதிவாக அதன்மேல் சேர்க்கலாம். இந்த ஏற்பாட்டைத் தொடக்கத்திலேயே வகுக்காவிடில் "கணினியில் மாற்ற முடியாது" என்ற பதிலே மக்களுக்குக் கிடைக்கும்.

பேரேட்டின் பிரதிகள் யாரிடம் இருக்கும் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினா. அனைத்தும் கொழும்பில் ஒரே திணைக்களத்தின் கணினிகளில் இருந்தால் அது வழமையான தரவுத்தளமே. புளொக்செயின் என்ற பெயர் வெறும் அலங்காரம். பதிவகம், நில அளவைத் திணைக்களம், காணி ஆணையாளர் நாயகம் திணைக்களம், நீதிமன்றம், மாகாண நிர்வாகம் ஆகியவை தனித்தனியே பிரதி வைத்திருந்தால்தான் ஒன்று மற்றொன்றைக் கண்காணிக்கும். காணி உரிமையாளரின் கையிலும் கைரேகை அச்சிட்ட சான்றிதழ் இருக்க வேண்டும். அலுவலகமும் வீடும் ஒருங்கே எரிந்த அனுபவம் உள்ள மண்ணில் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

செட்டிகுளத்தில் இதற்கான முதல் வேலை கணினியில் தொடங்குவதன்று. பிரதேச செயலகப் பதிவேட்டையும் அளவை வரைபடத்தையும் மக்கள் வைத்திருக்கும் எஞ்சிய பத்திரங்களையும் உரியவர் முன்னிலையில், அயலவர் சாட்சியத்துடன், கிராமம் கிராமமாக ஒப்புநோக்க வேண்டும். அதற்குத் தேவை நில அளவையாளரும் தமிழில் கடமையாற்றும் எழுதுவினைஞரும் நடமாடும் சேவைக்கான ஒதுக்கீடுமே. புத்தளத்திலும் தமிழகத்திலும் உள்ளவர்களிடமும் அதே பதிவேட்டுப் பக்கங்கள் கொண்டு செல்லப்பட வேண்டும்.