புது டிரைவருக்கு இடம் எங்கே?

டிரைவர் என்றதும் உங்களுக்கு பஸ் டிரைவர் ஞாபகம் வந்தால் தப்பில்லை. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட அதே வேலைதான். எஞ்சினின் நெளிவுசுளிவு பயணிக்குத் தெரிய வேண்டாம். ஊர்ப் பேரைச் சொன்னால் போதும்.

லினக்ஸ் கெர்னலின் புரோகிராமைத் திறந்தால் 'டிரைவர்ஸ்' என்று ஒரு டைரக்டரி இருக்கும். அதற்குள் நெட், யுஎஸ்பி, ஐ2சி, எச்டபிள்யூமான், ஐஐஓ என்று நூறுக்கும் மேற்பட்ட டைரக்டரிகள். புதிதாக ஒரு சிப்புக்கு டிரைவர் எழுதுகிறவர் முதலில் முழிப்பது இங்கேதான். நம்ம ஃபைலை எதில் போடுவது?

எல்.எம்.75 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலையை அளந்து, ஐ2சி என்ற இரண்டு கம்பி இணைப்பு வழியாகச் சொல்லும். "ஐ2சி-யில்தானே மாட்டியிருக்கு, அந்த டைரக்டரியிலேயே போடு" என்று யாருக்கும் தோன்றும். லினக்ஸிலும் முதலில் அப்படித்தான் வைத்திருந்தார்கள். 2005-ல் அதை எடுத்து எச்டபிள்யூமான் டைரக்டரிக்கு மாற்றினார்கள். ஏன் தெரியுமா? ஐ2சி என்பது வெறும் ரோடு. வெப்பநிலை சிப்பும் அந்த ரோட்டில்தான் வருகிறது, கடிகார சிப்பும் அதே ரோட்டில்தான் வருகிறது. ஆனால் நமக்கு ஒன்றிடம் டிகிரி வேண்டும், இன்னொன்றிடம் மணி வேண்டும். ஆகவே சிப் எந்த வழியாக வருகிறது என்று பார்க்கக் கூடாது; புரோகிராம் அதனிடம் என்ன கேட்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எச்டபிள்யூமானில் சேர்ந்துவிட்டால் ஒரு லாபம் உண்டு. அங்கே வெப்பநிலையை எல்லா டிரைவரும் டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்காகவே சொல்ல வேண்டும் என்பது கட்டளை. 27500 என்றால் 27.5 டிகிரி செல்சியஸ். எந்தக் கம்பெனி சிப் என்றே தெரியாத புரோகிராம்கூட அதைப் படித்துவிடும்.

அப்போ வெப்பநிலை என்றாலே எச்டபிள்யூமான்தானா? அதுவும் இல்லை. போர்டு சூடாகிறதா, ஃபேன் சுற்றுகிறதா, வோல்டேஜ் சரியா என்று அவ்வப்போது எட்டிப் பார்ப்பதற்கான இடம் அது. நொடிக்குப் பல நூறு ரீடிங் தொடர்ந்து எடுக்க வேண்டிய சென்சாருக்கு, ரீடிங்குகளைச் சேர்த்துவைத்துத் தரும் வசதியுள்ள ஐஐஓ-தான் பொருத்தம். இரண்டுக்கும் நடுவில் தொங்கும் சிப்புகளும் உண்டு. அங்கே சண்டைதான்!

இடம் தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? ஒவ்வொரு டைரக்டரிக்கும் ஒரு பொறுப்பாளர், தனி விதிகள். கிராபிக்ஸ் பகுதியில், சிப்பைப் பயன்படுத்தும் புரோகிராமும் ஓப்பன் சோர்ஸாக இருந்தால்தான் டிரைவரைச் சேர்ப்பார்கள். ஹபானா லேப்ஸ் என்ற கம்பெனியின் ஏ.ஐ. சிப் டிரைவர் 2019-ல் எதிலும் அடங்காதவைகளுக்கான 'மிஸ்க்' டைரக்டரியில் நுழைந்தது. "இது எங்கள் பகுதி மாதிரியான சரக்கு, எங்கள் விதி ஏன் இதற்கு இல்லை?" என்று கிராபிக்ஸ்காரர்கள் ஆட்சேபித்தார்கள். நியாயமான கேள்வி என்பேன். கடைசியில் இத்தகைய சிப்புகளுக்கென்றே 'ஆக்செல்' என்ற தனி டைரக்டரி பிறந்து, 2023-ல் அந்த டிரைவர் அங்கே குடிபெயர்ந்தது. சிப்பைத் திறக்கும் ஃபைலின் பெயரும் மாறியது. பழைய பெயரை நம்பி எழுதிய புரோகிராம்களையும் திருத்த வேண்டியதாயிற்று.

கெர்னலோடு 'மெயின்டெய்னர்ஸ்' என்ற ஃபைல் வருகிறது. எந்த டைரக்டரிக்கு யார் பொறுப்பு என்று அதில் இருக்கும். முதல் வரி எழுதுவதற்கு முன்பே அவருக்கு ஒரு மெயில் தட்டி, "சிப் இது, வேலை இது, உங்களிடம் வரலாமா?" என்று கேட்டுவிடலாம்.